மரவாடித் தூள்

தவிட்டை நாக்கில் வைத்துப் பார்த்து வாங்கிய ஆள் என்று என் ஆயுளில் நான் பார்த்தது அந்த அக்கா ஒருவரைத்தான். பெரிய மார்க்கெட்டில் தவிடும் பிண்ணாக்கும் விற்கும் வரிசையில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து முதலில் முகர்வார். அப்புறம் உள்ளங்கையில் வைத்து இறுக்கிவிட்டுக் கையை விரிப்பார். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம். பேசாமல் எழுந்துவிடுவார். உதிர்ந்தால் ஒரு சிட்டிகையை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

“ஏம்மா, தவுடு மாட்டுக்கா, ஒனக்கா?” என்று ஒருநாள் கடைக்காரர் கேட்டார்.

“ஊசிக்குண்ணே.”

“ஊசி எப்ப தவுடு துன்ன ஆரம்பிச்சிச்சி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. “இதுல உப்பு ஏறியிருக்குண்ணே. பக்கத்துல என்னா வெச்சிருந்தீங்க?” என்றார். கடைக்காரர் மூட்டையை ஓரமாக இழுத்து வைத்தார். இரண்டு நாளாக அந்த மூட்டைக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கூடை இருந்திருக்கிறது.

எழுபதுகளின் நடுவில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, கன்னியர் நடத்திய ஒரு லேஸ் கூடத்தில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தோம். ஆளுக்கொரு கெட்டியான தலையணை மடியில் இருக்கும். அதன்மேல் புள்ளி குத்திய மாதிரித் தாள். நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னி, ஒவ்வொரு பின்னலையும் ஒரு குண்டூசியால் நிறுத்த வேண்டும். வேலை நகர நகர, பின்னால் உள்ள ஊசிகளைப் பிடுங்கி முன்னால் குத்துவோம். மிச்ச ஊசிகள் நிற்பதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒரு திண்டு. மேற்பார்வை பார்த்த கன்னியர் அதைப் பின்குஷன் என்பார். நாங்கள் ஊசித் திண்டு என்போம். கன்னியரை எங்கள் ஊர் வழக்கப்படி ‘மாசேர்’ என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தத் திண்டுக்குள் எதை அடைப்பது என்பது வெளியாட்களுக்கு ஒரு விஷயமாகவே தோன்றாது. எங்களுக்கு அதில்தான் உயிர் இருந்தது. முன்பெல்லாம் பிரான்சிலிருந்து பித்தளை ஊசி வந்துகொண்டிருந்ததாம். நான் சேர்ந்தபோது அது நின்று, கடையில் வாங்கிய இரும்பு ஊசிதான். எங்கள் கடல் காற்றில் இரும்பு ஊசி நான்கு நாளில் நிறம் மாறும். துருப்பிடித்த ஊசி வெள்ளை நூலில் பட்டால் அந்தப் புள்ளி ஜென்மத்துக்கும் போகாது. அதனால் திண்டு நிரப்பும் பொறுப்பை மாசேர் அக்காவிடம் ஒப்படைத்திருந்தார். அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தது.

எதை எடுத்தாலும் அக்கா ஒரு சின்னப் பையாகத் தைத்து, ஐந்து ஊசிகளைக் கொண்டை வரை குத்தி, கூடத்துப் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் ஈரத்தில் தொங்கவிடுவார். பத்து நாள். பிறகு ஊசியை உருவி வெள்ளைத் துணியில் துடைப்பார். துணியில் பழுப்பு இழுத்தால் அந்தச் சரக்கு குப்பைக்கு. “நம்ம பேசி என்னா? ஊசி சொல்லட்டும்” என்பார். இலவம்பஞ்சில் ஊசி சாய்ந்துவிடும், ஈரத்தையும் குடிக்கும். தவிடு நன்றாகப் பிடிக்கும், ஆனால் இரண்டே மாதத்தில் வண்டு வைக்கும். உமி ஊசியைத் தீட்டிக் கொடுக்கும், துணியைப் பொத்துக்கொண்டு வந்து விரலையும் குத்தும். காப்பிச் சக்கையைக் காயவைத்துக்கூடப் பார்த்தார். கூடம் முழுக்க ஒரு வாரம் காப்பி மணத்தது, எல்லோரும் தலைவலி என்றார்கள்.

ஒருமுறை எங்கள் எல்லோருடைய சீப்பிலிருந்தும் உதிர்ந்த முடியைக் கேட்டு வாங்கினார். எண்ணெய் பூசிய தலைமுடி அடைத்த பையில் ஐந்து ஊசியும் புதுசு போல வந்தன. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. ஆனால் கூடத்தில் ஒருத்தி, விளையாட்டுக்குத்தான், “பொம்பள முடியில குத்துன ஊசி வீட்ல சண்டய இழுக்கும்க்கா, கல்யாணத் துணிக்கு ஆவாது” என்றாள். அக்கா அப்படியே அந்தப் பையைப் பிரித்துக் கொட்டிவிட்டார். பத்து நாள் சோதித்து ஊசி சொன்னதைவிட, ஒருத்தி வாயால் சொன்னது அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அவர் அப்படித்தான். சரக்கு எதையும் நம்பமாட்டார். மனிதர் சொன்னால் உடனே நம்பிவிடுவார்.

எங்களில் சிலருக்கு இது பொழுதுபோக்காக இருந்தது. “அக்கா, மாசேர் கூப்புடுறாங்க” என்று ஒருத்தி சொல்வாள். அக்கா மடியிலிருந்த தலையணையை இறக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போவார். திரும்பி வந்து, “கூப்புடலியாம்டி” என்று உட்காருவார். மறுநாளும் அதே. மூன்றாவது முறையும் போய்விட்டு வந்து, அந்தப் பெண்ணின் பக்கத்தில் குனிந்து, “ஒனக்குக் காதுல ஏதோ அடப்பு இருக்கு. ஆஸ்பத்திரில காட்டு, அசால்ட்டா இருக்காத” என்றார். நாங்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டோம். ஒருவர் பொய் சொல்லக்கூடும் என்ற இடத்துக்கு அவர் மனது போகவே போகாது. ஏதாவது கோளாறு, ஏதாவது தவறுதல் என்றே அவர் எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிப்பார்.

ஒரு மழைநாளில் மார்க்கெட் வாசலில் முன்பின் தெரியாத ஒருவர், “அவசரம்மா, நாளைக்கு இதே எடத்துல குடுத்துடறேன்” என்று அவர் குடையைக் கேட்டார். கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். மறுநாள் போய் நின்றார். அதற்கு மறுநாளும். “போனது போனதுதான்க்கா” என்றேன். “குடுக்கறேன்னு சொன்னாரேடி” என்றார். ஏழாம் நாள் நானும் கூட நின்றிருந்தேன். அந்த ஆள் குடையோடு ஓடி வந்தார். மகனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றார். “புள்ளைக்கி இப்ப எப்படிண்ணே இருக்குது?” என்றுதான் அக்கா கேட்டார். குடையை வாங்கவே மறந்து நடந்தார், அந்த ஆள் பின்னாலேயே வந்து கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது.

கடைசியில் அவர் மரத்தூளுக்கு வந்து சேர்ந்தார். ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போகும் வழியில் விழுப்புரம் சாலையில் ஒரு மரவாடி இருந்தது. தேக்கு அறுக்கும் நாளில் விழும் தூளில் ஒரு எண்ணெய்ப் பசை உண்டு. அதைச் சலித்து, வெயிலில் காயவைத்து, நாக்கில் வைத்து, பையில் அடைத்து ஈரத்தில் தொங்கவிட்டு, பத்து நாள் போதாதென்று இருபது நாள் விட்டுப் பார்த்தார். துணியில் ஒரு கோடு விழவில்லை.

அந்த வருஷம்தான் பிரான்சிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் முக்காட்டுத் துணிக்கு நான்கு பக்கமும் லேஸ் கரை. ஆறு பேர் உட்கார்ந்தோம். வேலை தொடங்கிக் கொஞ்ச நாளில் பழைய தவிட்டுத் திண்டுகளில் வண்டு வைத்துவிட்டது. எல்லாத் திண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்றார் மாசேர். அக்காவுக்கு அப்போது கணுக்காலில் அடிபட்டு வீக்கம். கூடத்துக்கே பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் வந்து போனார்.

“நீ போயி மரவாடில ஒரு பை அள்ளிட்டு வந்துடறியா? தேக்குத் தூளுன்னு கேளு, தருவாங்க” என்று என்னிடம் சொன்னார்.

“சரிக்கா” என்றேன்.

அன்று மதியம் எனக்கு மாசேர் விடுப்பே கொடுத்திருந்தார். நான் மரவாடிக்குத்தான் கிளம்பினேன். வழியில் கடலூரிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகள் எதிரே வந்தாள். சினிமாவுக்குப் போகலாம் என்றாள். மரவாடி மூடுவதற்குள் போய்விடலாம் என்று நினைத்தேன். படம் விட்டு வெளியே வந்தபோது நேரம் கடந்துவிட்டது. இவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

எங்கள் வீடு தேங்காய்த்திட்டில். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, என் அண்ணன் வேலை செய்த படகுப் பட்டறையில் ஒரு பழைய படகைப் பிரித்துப் பலகை அறுத்துப் போட்டிருந்தார்கள். கீழே தூள் குவிந்து கிடந்தது. அதே பழுப்பு, அதே மெதுமை. பையில் அள்ளிக்கொண்டேன். எத்தனை வருஷம் கடலில் கிடந்த பலகை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தூளுக்குள்ளே உப்பு அப்படியே இருக்குமா, வெயிலில் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

அக்கா பையை வாங்கிப் பிரித்தார். கையை உள்ளே விட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்திருந்தால் எல்லாம் அந்த நிமிஷத்திலேயே முடிந்திருக்கும்.

“மரவாடித் தூளுதானே?”

“ஆமாக்கா.”

“சரி” என்று சொல்லி, கையிலிருந்ததைப் பையில் உதிர்த்துவிட்டு, சலிக்க ஆரம்பித்தார்.

ஏற்கனவே சோதித்த தூள், நான் போய் அள்ளி வந்தது, அவருக்கு அது போதும். அன்று மாலைக்குள் திண்டுகள் எல்லாம் தயாராகிவிட்டன. முதல் மூன்று மாதம் வெயில்தான், ஒன்றும் தெரியவில்லை. நான்கூட மறந்துவிட்டேன். ஐப்பசியில் மழை பிடித்தது. தெருவெல்லாம் தண்ணீர், ஐந்து நாள் கூடத்தையே திறக்கவில்லை. ஆறாம் நாள் காலை உள்ளே போய்த் தலையணை மேல் மூடியிருந்த துணியை எடுத்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒரு ஊசியைப் பிடுங்கினாள். “ஐயோ” என்றாள். ஊசி நின்ற இடத்தில் வெள்ளை நூலில் கடுகளவு பழுப்பு வட்டம். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். ஆறு தலையணையிலும். திண்டில் இருந்த ஊசிகள் பிடுங்கவே வரவில்லை, துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தார்கள். புள்ளி கொஞ்சம் வெளுத்தது, நூல் இற்றுப்போனது. நான்கு மாத வேலை. கல்யாணத்துக்கு இனி அனுப்ப முடியாது என்று மாசேர் கடிதம் எழுதினார். அதற்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்கவைத்து, “திண்டு நிரப்பினது யாரு?” என்று கேட்டார். அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

“நான்தான் மாசேர்” என்றார் அக்கா.

“எந்தத் தூள்?”

“மரவாடித் தூளு. நானே பாத்து வெச்சது.”

என் பெயரை அவர் சொல்லவே இல்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக மறைத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். மறைக்க ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். என் பக்கத்தில் நின்றவள் அழுதுகொண்டிருந்தாள், நானும் அழுதேன். அழுகிறவளை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மதியம் அக்கா ஒரு திண்டைப் பிரித்து, தூளை நாக்கில் வைத்தார்.

“உப்பு” என்றார்.

கால் வலியோடு அன்றைக்கே மரவாடிக்குப் போனார். அவர்கள், “எப்பவும் இதே தூள்தாம்மா. தெனம் பத்து பேரு அடுப்புக்கு அள்ளிட்டுப் போறாங்க, நாங்க என்னாத்த கலக்கப்போறோம்?” என்றார்களாம். அவர்கள் சொன்னதையும் நம்பிவிட்டார். மரவாடிக்காரர் சொன்னது நிஜம், நான் சொன்னதும் நிஜம் என்றால் மிச்சமிருந்தது ஒன்றுதான். மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்: “என் நாக்கு கெட்டுப்போச்சிடி. மொதல்ல பாக்கறப்பவே உப்பு இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியல. ஊசியயும் சரியா தொடச்சிப் பாத்திருக்க மாட்டேன்.”

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். “அப்படில்லாம் இல்லக்கா” என்று மட்டும் சொன்னேன்.

மாசேர் அவரைப் போகச் சொல்லவில்லை. துணி துவைக்கும் பக்கம் மாற்றினார். இரண்டு மாதத்தில் அக்கா தானாகவே நின்றுவிட்டார். திண்டு நிரப்பும் வேலையை மாசேர் என்னிடம் கொடுத்தார். ரொம்ப நாள் அவரோடு சுற்றியவள் நீதானே, உனக்குத்தான் தெரியும் என்றார். எட்டு வருஷம் அந்த வேலையைச் செய்தேன். நன்றாகவே செய்தேன்.

அக்காவின் கணவரைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. மில்லில் வேலை செய்தவர். மில் தகராறில் வேலை போனதும், பம்பாயில் வேலை இருக்கிறது, நிலையானதும் உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். இது நான் லேஸ் கூடத்தில் சேருவதற்கு முன்பே நடந்தது. ஒரு கடிதமும் வரவில்லை. யாராவது கேட்டால், “இன்னும் நெலயா அமையல போல. அமைஞ்சதும் எழுதறேன்னு சொல்லியிருக்காரு” என்பார். அதில் வருத்தமோ சமாளிப்போ இருக்காது. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்வதுபோல இருக்கும்.

எண்பதுகளில் ஒரு பங்குனி மாதம், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ரெட்டியார்பாளையம் போனேன். சத்துணவு போடும் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலையில் இருந்தார். மெலிந்திருந்தார், மற்றபடி நன்றாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைத்தார். கொதி வந்ததும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். “உப்பு சரியா இருக்கான்னு பாரு” என்று அங்கே கேட்டது என் காதில் விழுந்தது. திரும்பி வந்து, “பள்ளிக்கூடத்துலயும் யாரையாவது பாக்கச் சொல்லித்தான் எறக்குவேன். புள்ளைங்க சாப்புடறது இல்லியா?” என்றார்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

“அக்கா, ஒங்க நாக்குக்கு ஒண்ணும் ஆவல. அது மரவாடித் தூளே இல்ல. தேங்காய்த்திட்டுல படகு அறுத்த தூளு. நான் மரவாடிக்கே போவல. சினிமாவுக்குப் போயிட்டேன். ஒங்ககிட்ட பொய் சொன்னேன்.”

எதை எதிர்பார்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. அடிப்பார் என்றா, அழுவார் என்றா? மன்னித்துவிட்டேன் என்பார் என்றுதான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருப்பேன். அக்கா கரண்டியைத் தட்டில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பினார். யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர் ஆயிற்றே.

“பொய்யா?”

“ஆமாக்கா.”

“மரவாடித் தூளான்னு கேட்டேனே. என் மூஞ்சியப் பாத்துதானே ஆமான்னு சொன்ன?”

“ஆமாக்கா.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் எழுந்து இறக்கி வைத்தேன். அவர் கவனிக்கவில்லை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் மெதுவாகக் கேட்டார்.

“அப்படீன்னா, அவரும் பொய்தான் சொல்லியிருப்பாரா?”

அவர் அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான். மார்க்கெட்டில் எத்தனையோ மூட்டைகளை அவர் அப்படிப் பார்த்து நான் கூட நின்றிருக்கிறேன். என் பக்கம் அது ஒருநாளும் திரும்பியதில்லை.

“இல்லக்கா. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. கண்டிப்பா எழுதுவாரு” என்றேன்.

நான் சொன்னதை அவர் நம்பவில்லை.